ஆறாம் கட்டிலில் படுத்திருந்தவர்

என் தொழில் வாழ்க்கையில் நான் முதன்முதலாகப் பரிசோதித்த நோயாளி, நோயாளியே இல்லை. இதைப் பல வருடங்கள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் வெளியே சொல்லாமல் வைத்திருந்தேன். சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் இன்று நன்றாக இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் இப்போது சொல்கிறேன்.

ஒன்றும் தெரியாதவர்கள்தான் தப்புச் செய்வார்கள் என்று பொதுவாக நினைக்கிறோம். ஆர்வம் முற்றியவர்கள் செய்கிற தப்புக்குப் பக்கத்தில்கூட அவர்களால் வர முடியாது. அந்த வருடம் எனக்கு ஆர்வம் முற்றியிருந்தது.

நான் படித்தது பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு. நோயாளியிடம் விவரம் கேட்பது, பரிசோதிப்பது, குறிப்பு எழுதுவது, ஆபரேஷனில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கைகொடுப்பது என்று டாக்டரின் மேற்பார்வையில் பல வேலைகளைச் செய்கிறவர் பிசிஷியன் அசிஸ்டென்ட். சுருக்கமாக பி.ஏ. தமிழில் இதைச் சொல்லிப் பாருங்கள், சிக்கல் புரியும். திருநின்றவூரில் எங்கள் தெருவில் அம்மா யாரிடமாவது "பொண்ணு பி.ஏ. படிக்கிறா" என்றால், "அப்படியா, வரலாறா பொருளாதாரமா?" என்று கேட்பார்கள். "ஆஸ்பத்திரி பி.ஏ." என்று அம்மா திருத்தினால், "ஓ, டாக்டருக்கு போன் எடுத்துக் குடுக்கிற வேலையா?" என்பார்கள். எதிர்வீட்டு மாமி ஒருபடி மேலே போய், எந்த மந்திரியிடம் பி.ஏ.வாகச் சேரப் போகிறாய், எங்கள் தெருவுக்குச் சாக்கடை போட ஒரு வார்த்தை சொல்லேன் என்று மனுவே கொடுத்துவிட்டார்.

அப்பாவுக்கு இந்த விளக்கமெல்லாம் அலுத்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே எல்லோரிடமும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "டாக்டருக்குப் படிக்குது." நானும் அதை மறுக்கவில்லை. (மறுத்திருக்க வேண்டும். ஆனால் கேட்க நன்றாக இருந்தது.)

மூன்று வருடப் படிப்பு முடிந்து, நான்காம் வருடப் பயிற்சிக்குப் பூந்தமல்லி பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு வீட்டிலிருந்து கிளம்பினேன். கோட்டை ஆஸ்பத்திரியில் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா, ஆவடி வருவதற்குள் முழங்காலை எனக்குக் காட்டிவிட்டார். நான் இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு, "எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடுங்க" என்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொன்னேன். பஸ் மாறிப் பூந்தமல்லியில் இறங்கியபோது எனக்கு இருபது வருட அனுபவம் வந்துவிட்டது போலிருந்தது.

எங்கள் சீஃப் ஒரு பெண் சர்ஜன். குரலை உயர்த்தாமலே ஆளைச் சின்னாபின்னமாக்கும் வித்தை தெரிந்தவர். ஏழே கால் மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"உன் பேர் என்னம்மா?"

"கௌரி, மேடம்."

"கௌரி, ஆண்கள் வார்டு, ஆறாம் கட்டில். ஏழுமலை, வயசு ஐம்பத்திரண்டு. பித்தப்பையில கல். நேத்து சாயந்திரம் அட்மிட் ஆனார். நாளைக்கு வெச்சிருந்த ஆபரேஷனை இன்னைக்கு மூணு மணிக்கு மாத்தியிருக்கேன். நீ போய் விவரம் கேட்டு, பரிசோதனை பண்ணி, எழுதி வை. முக்கியமா, இனிமே எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிடு. காலை டிபனுக்குக் கிளம்பிடப் போறார்."

கடைசி வாக்கியம் எவ்வளவு பெரிய தீர்க்கதரிசனம் என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

வார்டுக்கு ஓடினேன். ஆறாம் கட்டிலில் ஒருவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஃபேனுக்கு நேராக மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். தொப்பை, மீசை. கட்டிலின் கால்மாட்டில் ஏழுமலை என்று எழுதிய ஃபைல் தொங்கியது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

இருந்தாலும் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி பேரைச் சரிபார்த்தேன். தோளைத் தட்டி, "ஏழுமலை?" என்றேன்.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஆமா... ஆமா" என்றார்.

முடிந்தது.

(உண்மையில் நடந்தது இதுதான். ஏழுமலை கீழே டீ குடிக்கப் போயிருந்தார். படுத்திருந்தவர் அவருடைய மச்சான் கோதண்டம். குமணன்சாவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அக்கா புருஷனுக்குத் துணையாக இரவெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர், மாமா அந்தப் பக்கம் போனதும் கட்டிலில் காலை நீட்டிவிட்டார். இது ஏழுமலையின் கட்டில்தானே என்று நான் கேட்பதாக நினைத்துத்தான் 'ஆமா' என்றிருக்கிறார்.)

நான் நோட்டைத் திறந்தேன். "வலி எங்க இருக்கு?"

"வலியா? இடுப்புல கீதும்மா. முதுகு பூரா புடிச்சிகினு கீது."

எனக்கு ஒரே சந்தோஷம். பித்தப்பைக் கல் வலி முதுகுக்குப் பரவும் என்று புத்தகத்தில் அச்சு அச்சாகப் படித்திருந்தேன். 'முதுகுக்குப் பரவுகிறது' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

"எப்பலேர்ந்து?"

"நைட்லேர்ந்து தான். அதுக்கு முன்னால ஒண்ணும் இல்ல."

'நேற்று இரவு தீவிரமானது.'

"எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டா என்ன ஆகும்?"

கோதண்டம் இந்தக் கேள்வியைச் சற்று யோசித்தார். "இன்னா ஆவும்... இன்னும் ரெண்டு துன்னலாம்னு தோணும்."

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போனேன். "வாந்தி வருதா?"

"ஏசி பஸ்ல ஏறுனா வரும். அதான் நான் ஏசி பஸ் பக்கமே போறதில்ல."

வயிற்றின் வலது பக்கம் விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்தி, மூச்சை இழுக்கச் சொன்னேன். பித்தப்பை வீங்கியிருந்தால் அந்த இடத்தில் வலி தாங்காமல் மூச்சு சட்டென்று நின்றுவிடும். கோதண்டம் மூச்சை இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். பிறகு நெளிந்தார்.

"வலிக்குதா?"

"கூசுதும்மா."

வேறொருத்தியாக இருந்தால் இந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்கும். நான், நேற்று போட்ட ஊசியில் வலி அடங்கியிருக்கிறது என்று நோயாளிக்கும் சேர்த்து ஒரு விளக்கம் தயார் செய்துகொண்டேன்.

கடைசியாக ரத்த அழுத்தம். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப்பத்து. திடுக்கிட்டு மறுபடி பார்த்தேன். அதேதான். அடுத்த கையிலும் பார்த்தேன். அங்கேயும் கிட்டத்தட்ட அதுவே. (அந்தக் கையில் பேர் எழுதிய பட்டை இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். என் கண் மெஷினின் முள்ளில் இருந்தது.) பாவம், ஆபரேஷன் பயம் என்று நினைத்துக்கொண்டேன். எண்ணை ஃபைலில் சிவப்பு மையில் எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன். அன்று முழுக்க நான் செய்த காரியங்களில் உருப்படியானது அந்த வட்டம் ஒன்றுதான்.

பிறகு சீஃப் சொன்ன முக்கியமான வேலை. குரலைக் கனமாக்கிக்கொண்டேன். "இந்த நிமிஷத்துலேர்ந்து நீங்க எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணிகூடக் கூடாது."

கோதண்டம் எழுந்து உட்கார்ந்தார். "நானா?"

"நீங்கதான்."

"அப்ப மாமா?"

மாமா என்பது துணைக்கு வந்திருக்கும் யாரோ பெரியவர் என்று நினைத்தேன். என் கருணை உள்ளம் பொங்கியது. "அவர் தாராளமா சாப்பிடட்டும். அவர் ஏன் பட்டினி கிடக்கணும்?"

"எனுக்கு மட்டும் இன்னாத்துக்கும்மா?"

"வயிறு காலியா இருக்கணும். சீஃப் டாக்டர் உத்தரவு."

சீஃப் டாக்டர் என்றதும் அவர் அடங்கிவிட்டார். நான் நர்ஸ் மேஜைக்குப் போனேன். அங்கே ஸ்டெல்லா சிஸ்டர், "ஆறாம் பெட்டுக்குச் சாப்பாடு கூடாதுன்னு சொல்லியாச்சா?" என்று கேட்டார். "சொல்லிட்டேன் சிஸ்டர், கண்டிப்பா சொல்லிட்டேன்" என்றேன். அவரும் பலகையில் எழுதி ஒரு டிக் போட்டுவிட்டார்.

அதன்பிறகு நான் சீஃபோடு கீழே புறநோயாளிகள் பிரிவில் இருந்தேன். மேலே நடந்ததெல்லாம் பிற்பாடு பலர் வாயால் கேட்டது. ஏழுமலை டீ குடித்துவிட்டு வந்ததும் கோதண்டம் சோகமாக விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். "மாமா, டாக்டர் பொண்ணு வந்துட்டுப் போச்சு. நீ இன்னா வேணா துன்னலாமாம். நான்தான் ஒண்ணும் துன்னக் கூடாதாம்." ஏழுமலைக்கும் முதலில் குழப்பம்தான். உன்னிடம் ரத்தம் எடுத்து எனக்கு ஏற்றுவார்களாக இருக்கும் என்று அவரே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். இரண்டு வாரமாக எண்ணெய் வேண்டாம், காரம் வேண்டாம் என்று வாயைக் கட்டிப் போட்டிருந்த மனிதர். அனுமதி கிடைத்த பத்தாவது நிமிடம், கட்டிலில் மச்சானைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு, பூரி மசால் சாப்பிடப் போய்விட்டார்.

பகல் பன்னிரண்டரைக்கு மயக்க மருந்து டாக்டர் ஃபைலோடு வந்தார். "மேடம், நேத்து ராத்திரி இவருக்கு பிரஷர் நூத்தி முப்பதுக்கு எண்பது. இன்னைக்குக் காலைல நூத்தித் தொண்ணூறுக்கு நூத்திப்பத்து. யார் பார்த்தது?"

"நான்தான் சார்" என்றேன் பெருமையாக. "மூணு தடவை பார்த்தேன்."

"நேர்ல பார்த்துடலாம்" என்று சீஃப் எழுந்தார்.

நாங்கள் மூவரும் வார்டுக்குள் நுழைந்தபோது ஆறாம் கட்டிலில் எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் பிரித்த பொட்டலம். அதில் எலுமிச்சை சாதம், இரண்டு மசால் வடை. வடையில் ஒன்று பாதியாக அவர் கையில் இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி அமுதா அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து பிடித்திருந்தார். சுவர் ஓரமாக ஸ்டூலில், வடையைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாயில் கைக்குட்டையை வைத்தபடி என் நோயாளி.

சீஃப் நின்றார். வடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கௌரி. நீ காலைல பார்த்த பேஷண்ட் யாரு?"

என் விரல் தானாக ஸ்டூலை நோக்கிப் போனது.

"ஏழுமலை யாரு?"

கட்டிலில் இருந்தவர் வாயில் வடையோடு கையைத் தூக்கினார்.

ஸ்டெல்லா சிஸ்டர் "ஐயோ ஆண்டவரே" என்றது மட்டும் கேட்டது. மற்ற கட்டில்காரர்களெல்லாம் தங்கள் வலியை மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏன் சாப்பிட்டீங்க?" என்றார் சீஃப்.

ஏழுமலைக்கு நியாயமான கோபம் வந்தது. "இன்னா மேடம் இப்படிக் கேக்குறீங்க? நீங்கதான தாராளமா துன்னுன்னு சொல்லி அனுப்பிச்சீங்க? இதோ இந்தப் பொண்ணுதான் வந்து சொல்லிச்சாம். காலைல பூரி துன்னேன், பத்து மணிக்கு ஒரு பொங்கல் துன்னேன்."

"நாலு பூரி" என்றார் கோதண்டம் சுவரைப் பார்த்தபடி. எத்தனை என்று கேட்டு வைத்திருக்கிறார், பாவம். பிறகு மெதுவாகத் திரும்பினார். "மேடம், ரத்தம் எப்ப எடுப்பீங்க? சீக்கிரம் எடுத்துக்குனீங்கன்னா நான் போய் எதுனா துன்னுவேன். தலை வேற சுத்துது."

நான் அந்த நேரத்தில் தரை பிளக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரித் தரை, மொசைக் போட்டது, அசையவில்லை.

சீஃப் கோதண்டத்தின் பக்கத்தில் போனார். மெஷினைக் கொண்டுவரச் சொல்லித் தானே கையில் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னொருமுறை பார்த்தார். அவர் முகம் மாறியது.

"தலை எவ்வளவு நாளா சுத்துது?"

"அது அப்பப்போ வரும் மேடம். ஒரு மாசமா கொஞ்சம் ஜாஸ்தி. வெயில்ல வண்டி ஓட்டுறோம்ல."

"இதுக்கு முன்னால எப்பவாவது பிரஷர் பார்த்திருக்கீங்களா?"

"எனுக்கு இன்னா மேடம் பிரஷர்? பிரஷரெல்லாம் மாமாவுக்குத்தான்."

"நூத்தித் தொண்ணூத்தஞ்சு இருக்கு. இது பசியால வர்ற தலைசுத்தல் இல்ல" என்றார் சீஃப். "இந்த நிலைமையில நீங்க ஆட்டோ ஓட்டக் கூடாது. இன்னைக்கே படுங்க."

அப்படியாக, மாலைக்குள் ஏழாம் கட்டிலில் கோதண்டம் படுத்திருந்தார். இம்முறை சட்டபூர்வமாக. இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள் (அவர் எதிர்பார்த்த ரத்தம்தான், காரணம் வேறு), மாத்திரை ஆரம்பித்தார்கள். ஏழுமலையின் ஆபரேஷன் பழையபடி மறுநாளைக்குப் போனது. அமுதா அம்மா இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று என்னிடம் கேட்டார்: "ஒரு ஆளத்தான் கூட்டினு வந்தேன். காலைலேர்ந்து சாயங்காலத்துக்குள்ள ரெண்டு ஆளப் படுக்க வெச்சிட்டியேம்மா. இன்னும் ஒரு நாள் இங்க இருந்தா நானும் படுத்துருவேனா?"

சிரிப்பெல்லாம் வார்டோடு சரி. சீஃப் அறைக்குள் என்னைக் கூப்பிட்டபோது அவர் சிரிக்கவில்லை.

"பேரைக் கேட்டியா?"

"கேட்டேன் மேடம். ஏழுமலையான்னு கேட்டேன். ஆமான்னு சொன்னார்."

"அது கேக்கறது இல்ல. பதிலை நீயே சொல்லிட்டு அவர்கிட்ட கையெழுத்து வாங்கறது. உங்க பேர் என்னன்னு கேட்டிருந்தா, கோதண்டம்னு சொல்லியிருப்பார். கதை அங்கேயே முடிஞ்சிருக்கும்."

சீஃப் ஃபைலில் இருந்த சிவப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"அந்த பிரஷர் கண்ணுல படாம இருந்து, அந்த நாலு பூரியோட மூணு மணிக்கு ஏழுமலைக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும், தெரியுமா?"

தெரியும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். ஆள் போய்விடலாம். அதுவரை அவமானத்தில் சூடாக இருந்த என் காதுகள் அப்படியே ஜில்லிட்டுப் போயின. அழுகை வந்துவிட்டது. காலையில் ரயிலிலிருந்து போட்டுக்கொண்டு வந்த கோட்டின் கையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

சீஃப் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "பரிசோதனை ஒழுங்காத்தான் பண்ணியிருக்க. ரெண்டு கையிலும் பார்த்திருக்க. ஆள்தான் தப்பு" என்றார். பிறகு, "'எண்ணெய்ப் பலகாரம்'னு எழுதிட்டு ஏன் கோடு போட்டிருக்க?" என்று கேட்டார். கோதண்டம் சொன்ன பதிலைச் சொன்னேன். சீஃப் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் இரண்டு முறை குலுங்கியதைப் பார்த்தேன். கேட்டால் இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

தண்டனை இதுதான். நடந்ததையெல்லாம் என் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். ஏழுமலையிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதோடு ஒரு மாதம், வார்டில் உள்ள ஒவ்வொரு நோயாளியிடமும் தினமும் காலையில் பேர், அப்பா பேர், வயது மூன்றையும் அவர் வாயாலேயே சொல்லவைத்து, கைப்பட்டையோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

மன்னிப்புக் கேட்கப் போனபோது ஏழுமலை பெரிய மனதோடு, "வுடும்மா. ஆபரேஷனுக்கு முன்னால நாலு பூரி துன்ன குடுப்பினை எவனுக்குக் கெடைக்கும்?" என்றார். பக்கத்துக் கட்டிலிலிருந்து கோதண்டம் ஒரு இட்லியைத் தூக்கிக் காட்டினார். "எனுக்கு உப்பில்லாத சட்னி குடுக்குறாங்கம்மா. இதுக்கும் நீதான் காரணம். நல்லா ஞாபகம் வெச்சிக்கோ."

மறுநாள் ஏழுமலையின் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கல்லை ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். கோதண்டம் அதை வாங்கி வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டு, "இத்துனூண்டுக்கா நான் பட்டினி கெடந்தேன்?" என்றார்.

அன்றிலிருந்து அந்த மாதம் முழுவதும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். உங்க பேர் என்ன, அப்பா பேர் என்ன, வயசு என்ன. தினமும் ஒரே கேள்வியைக் கேட்டதில் ஒன்பதாம் கட்டில் தாத்தா, "பாவம், இந்தப் பொண்ணுக்கு மறதி வியாதி. நல்ல டாக்டரா பார்த்துக் காட்டுங்க" என்று ஸ்டெல்லா சிஸ்டரிடம் சிபாரிசு செய்தார். தண்டனைக் காலம் முடிந்தது. பழக்கம் முடியவில்லை. காய்கறிக்காரரிடம் கேட்டிருக்கிறேன். கூரியர் கொடுக்க வந்தவரிடம் கேட்டு, அவர் பயந்துபோய் அடையாள அட்டையை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

பயிற்சி முடிந்து அதே ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது. (சீஃப்தான் சிபாரிசு செய்தார். பேரை இவ்வளவு தடவை கேட்கிற பெண் வேறெங்கும் கிடைக்க மாட்டாள் என்றாராம்.) இரண்டு வருடம் கழித்து, கொரட்டூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நான் அன்று காலைதான் டியூட்டி முடித்து வந்திருந்தேன். அம்மா புடவையைச் சுற்றி, கையில் காபித் தட்டைக் கொடுத்துக் கூடத்துக்குத் தள்ளிவிட்டார். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் முதலாவது ஆளிடம் குனிந்து தட்டை நீட்டினேன். அவர் டம்ளரில் கை வைத்தார். நான் தட்டைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டேன்:

"உங்க பேர் என்ன? அப்பா பேர்?"

அப்பா நெற்றியில் கை வைத்தார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் அம்மா ஏதோ ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டார். என் தம்பி மட்டும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான்.

அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சமும் சிரிக்காமல் பதில் சொன்னார். "தினேஷ். அப்பா பேர் லோகநாதன், இதோ பக்கத்துல இருக்கார். வயசு இருபத்தொன்பது."

எல்லாம் சரியாக இருந்தது. காபியைக் கொடுத்தேன்.

அன்று மாடியில் தனியாகப் பேசியபோது ஏன் அப்படிக் கேட்டேன் என்று கேட்டார். கோதண்டத்தில் ஆரம்பித்து உப்பில்லாத சட்னிவரை சொன்னேன். வீட்டுக்குப் போவதற்குள் அவர் அதை இரண்டு குடும்பத்துக்கும் சொல்லிவிட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் நான் பந்தியில் பரிமாற வந்தால், இலையில் உட்கார்ந்திருப்பவர்கள் பேர், அப்பா பேர், வயது என்று வரிசையாக ஒப்பிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மாமனார் ஒருமுறை ரத்த வகையையும் சேர்த்துச் சொன்னார்.

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. இன்றும் காலையில் காபியை நீட்டினால், தினேஷ் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "தினேஷ், அப்பா பேர் லோகநாதன், இன்னும் ஒண்ணும் சாப்பிடலை" என்று சொல்லிவிட்டுத்தான் டம்ளரை வாங்குகிறார். அவர் சொல்லி முடிக்கும்வரை நானும் கொடுப்பதில்லை. நான் விளையாட்டுக்குக் காத்திருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.